மாட்டுக் கொட்டகையில் கட்டிய கார்

ஞானதாஸின் குடிசைக்குக் கதவு மட்டும் சீமைக் கதவு. உத்திரமேரூருக்குத் தெற்கே, வயலோரம் இருந்த அந்த வரிசையில் மற்ற பதினொரு வீடுகளுக்கும் பனையோலைப் படல்தான். நாய் முட்டினால் சாய்ந்துவிடும். ஞானதாஸ் வீட்டுக் கதவோ இழுத்து மூடினால் ‘டொப்’பென்று ஒரு பணக்காரச் சத்தம் போடும். ஒரு காலத்தில் அது ஹம்பர் காரின் பின்கதவு. கண்ணாடி இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார். பித்தளைப் பிடியை மட்டும் மாற்றவில்லை. குனிந்துதான் நுழைய வேண்டும். பக்கத்து வீட்டுச் செங்கேணி உப்பு வாங்க வரும்போதெல்லாம், “இன்னா ஜமீன்தாரம்மா, கார உட்டு எறங்கி வர்றியா, நான் ஏறி வரட்டுமா?” என்று அவர் பெண்சாதி சிட்டம்மாளைக் கூப்பிடுவாள்.

மனை பண்ணைக்குச் சொந்தம். மேலே நிற்கிற மூங்கிலும் ஓலையும் கதவும் குடியிருப்பவருக்குச் சொந்தம். இதற்குப் பத்திரம் கிடையாது. போகச் சொன்னால் ஓலையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இருபத்தேழாம் வருஷத்திலிருந்து நாற்பத்திரண்டு வரை, பதினைந்து வருஷம், ஞானதாஸ் சென்னப்பட்டணத்தில் ஒரு பாடி கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்நாளில் பெரிய மனிதர்கள் காரை முழுசாக வாங்குவதில்லை. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் கப்பலில் வந்து இறங்கும். மேல்பாகத்தை அவரவர் ஆசைக்கு இங்கே கட்டிக்கொள்வார்கள், வீடு கட்டுகிற மாதிரி. தேக்கில் கூடு போட்டு, அதன்மேல் தகடு தட்டி, கதவு தொங்கவிட்டு, பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். கட்டுகிற கைக்குக் கை வண்டி வேறாக இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது ஊருக்கு வந்தவர், அப்புறம் போகவில்லை. நடவும் அறுப்பும் உள்ள நாளில் பண்ணையில் கூலி. மற்ற நாளில் உத்திரமேரூர் பஜாரில் முஸ்தபாவின் இரும்புக்கடை வாசலில் உட்கார்ந்து வாளிக்கு அடி போடுவார், குடத்துக்கு ஈயம் பற்றவைப்பார்.

முஸ்தபாவுக்கு ஆணி மடித்துக் கொடுக்கப் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். அதில் கார் படம் இருந்தால் கிழிக்காமல் நீட்டுவார்.

“இது எந்த ஊர்ல கட்னது, சொல்லு பாக்கலாம்?”

“பம்பாய் பாய்.”

“பேரு கூட போடல, எப்பிடிச் சொல்றே?”

“கதவுக்குக் கீலு மூணு கீது பாரு. பட்டணத்துல நாங்க ரெண்டுக்கு மேல போட மாட்டோம்.”

“ஏன், ஒங்க மொதலாளி கஞ்சனா?”

“மூணாவது கீலு, மரத்த நம்பாதவன் போடறது பாய்.”

முஸ்தபா தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். “ஒனுக்குக் கல்யாணப் போட்டோ குடுத்தாலும் பொண்ணப் பாக்க மாட்டே. பின்னால காரு கீதான்னு பாப்பே.”

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி இருபதாம் தேதி, இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பண்ணைக் காரியஸ்தர் சுப்பிரமணி நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். “ஞானதாஸு, சின்னய்யா ஒடனே வரச்சொன்னாரு. கை கழுவிட்டு வா. ஒரு போட்டோ பாக்கணுமாம்.”

பண்ணை வீட்டு நடையில் ஈரக்காலோடு நின்றார் ஞானதாஸ். பெரியவர் போன வருஷம் ஆடியில் காலமாகிவிட்டார். இப்போது எல்லாம் மகன் பாண்டுரங்கன்தான். முப்பத்திரண்டு வயது, பட்டணத்துக் காலேஜில் படித்தவர்.

“வாடா ஞானதாஸ். பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளாமே?”

“ஆமாங்க சின்னய்யா. எட்டு மாசம்.”

“மழை நாள். பத்திரமாப் பாத்துக்க. இந்தா, இது என்ன வண்டி சொல்லு.”

உள்ளங்கை அளவுப் படம். திருப்போரூர்க் கோயில் வாசல். பெரியவர் கழுத்தில் மாலையோடு, வெள்ளை அங்கவஸ்திரத்தோடு நிற்கிறார். பக்கத்தில் மாலையும் புதுத் தாலியுமாகப் பவளம், பெரியவர் சாலவாக்கத்து வீட்டில் குடிவைத்திருந்தவள். அப்போது பத்தொன்பது வயதிருக்கும். இரண்டு பேருக்கும் பின்னால் கார், பக்கவாட்டில். முஸ்தபா சொன்னது சரிதான். ஞானதாஸின் கண் மனிதர்களைத் தாண்டிக் காருக்குத்தான் போயிற்று. போனதும் முகம் சுருங்கிற்று.

காரின் சன்னலுக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால்வரை, நூல் பிடித்தாற்போல ஒரு மேட்டுக் கோடு ஓடும். பாடிக்காரர்கள் அதை இடுப்புப் பட்டி என்பார்கள். இந்தப் படத்தில் அது நூல் பிடித்தாற்போல ஓடவில்லை. முன்கதவில் தொடங்கிப் பின்னால் போகப்போக மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

காந்தி செத்த வருஷம் புரட்டாசியில் ஒரு காற்று அடித்தது. புளியங்கிளை முறிந்து பெரியவரின் ஹம்பர்மேல் விழுந்தது. பின்பாதியும் கதவுகளும் நசுங்கிப்போயின. “நீயே கட்டுடா” என்றார் பெரியவர். மழையில் நனையாத பெரிய இடம் மாட்டுக் கொட்டகைதான். மாடுகளை வெளியே சார்ப்பில் கட்டிவிட்டு, காரை உள்ளே உருட்டி, ஞானதாஸ் புதுக்கூடு போட்டார். இடுப்புப் பட்டிக்குக் கோடு கிழிக்க, கம்பெனியில் பழகினபடியே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றதும் கிழித்தார். கம்பெனித் தரை சிமெண்டுத் தரை, தண்ணீர் ஊற்றினால் நிற்கும். மாட்டுக் கொட்டகைத் தரையோ மூத்திரம் வடியப் பின்பக்கம் சரித்துப் போட்டது. மாட்டோடு வளர்ந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ரசமட்டம் கையில் வந்ததும் அவர் பட்டணத்துக்காரராகிவிட்டார். கோடு பூமிக்கு மட்டமாக இருந்தது. கார்தான் சரிவில் நின்றது. வேலை முடிந்து வண்டியைக் களத்து மேட்டுச் சமதரையில் நிறுத்தியபோது பட்டி பின்னால் தூக்கி நின்றது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வாலத் தூக்கிக்கினு ஓடற கன்னுக்குட்டி மாதிரி கீதுடா. இருக்கட்டும், அழகாத்தான் கீது.” ஞானதாஸ் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நசுங்கின பழைய கதவுகளில் ஒன்றைப் பெரியவர் அவருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் குடிசைக்குப் போயிற்று.

அந்தச் சாய்வு உலகத்தில் வேறு எந்தக் காரிலும் இருக்க முடியாது.

“இது ஏங் கை வேல சின்னய்யா,” என்றார்.

“பழைய பாடி இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“இல்லீங்க. நான் மாத்திக் கட்னதுதான். நாப்பத்தெட்டு ஐப்பசியில கட்னது.”

பாண்டுரங்கன் ஊஞ்சலை விட்டு எழுந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். பவளம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள்: தான் பெரியவர் தாலி கட்டின இரண்டாம் பெண்சாதி, சாலவாக்கத்து வீடும் நாலு காணி நஞ்சையும் தனக்கு வரவேண்டும் என்று. நாற்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் ஒரு சட்டம் வந்தது. முதல் பெண்சாதி இருக்கும்போது அதற்குப் பிறகு இன்னொருத்தியைக் கட்டினால் செல்லாது. முன்பே கட்டியிருந்தால் செல்லும். ஆகவே வழக்கு முழுக்கத் தேதியில் நின்றது. கல்யாணத்தை நடத்தின குருக்கள் செத்தாயிற்று, காரோட்டியும் செத்தாயிற்று. தாலி கட்டின அன்றைக்கு எடுத்த இந்தப் படம்தான் மிச்சம். நாற்பத்தாறில் எடுத்தது என்று பவளத்தின் வக்கீல் எழுதியிருந்தார். ஐம்பதில் எடுத்தது என்றார் பாண்டுரங்கன்.

“நீ கட்டின பாடின்னா அவ நாப்பத்தாறுன்னு சொல்றது பொய்னு ஆயிடுது. பொய் சொல்ற பொம்பளைய எந்த ஜட்ஜும் நம்ப மாட்டான். கோர்ட்டுக்கு வந்து இப்ப சொன்னதச் சொல்லு, போதும். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே?”

“இல்லீங்க.”

“மனைய உம்பேருக்கே எழுதித் தந்துடறேன். நீ, உம் பொண்ணு, அவ புள்ளைங்க, யாரும் எழுப்ப முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “கோர்ட்ல போய் வேற எதாவது உளறினா, அன்னிக்கே ஓலையப் பிரிச்சுக்க.”

படத்தைத் திருப்பிக் கொடுக்க முற்றத்து வெளிச்சத்தைத் தாண்டி நடந்தபோது ஞானதாஸ் இன்னொரு தடவை பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

காரின் முன் மட்கார்டு பளபளத்தது. கோயில் மண்டபத் தூண் இரண்டு அதில் வளைந்து தெரிந்தன. எஞ்சின் மூடியிலும் வானம் தெரிந்தது. கதவில் ஒன்றுமே தெரியவில்லை. சாணி மெழுகின சுவர் மாதிரி மங்கிக் கிடந்தது. கதவில் சாய்ந்து நின்ற பெரியவரின் அங்கவஸ்திரத்தில், முழங்கைப் பக்கம், திட்டாக ஒரு கறுப்பு.

அப்போது அந்தக் கதவுக்குப் பெயிண்ட் இல்லை.

ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் அந்தக் கார் பெயிண்டை அடித்தால் சாம்பல் பூத்துவிடும். அதனால் தொட்டால் ஒட்டுகிற சிவப்பு அடிப்பூச்சோடு நிறுத்தி வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் கறுப்பாகத்தான் விழும். மாட்டுப் பொங்கல் கழித்து, தை வெயில் ஏறின பிறகுதான் கறுப்பு அடித்தார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை, அந்த மூன்று மாசமும் சிவப்புக் கதவோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினார். சின்னய்யா அப்போது பட்டணத்து ஹாஸ்டலில் இருந்தார். அப்படியானால் இந்தப் படம் நாற்பத்தாறும் இல்லை, ஐம்பதும் இல்லை. நாற்பத்தெட்டு ஐப்பசிக்கும் நாற்பத்தொன்பது தைக்கும் நடுவில். சட்டம் வந்தது பங்குனியில். பவளத்தின் தாலி செல்லும்.

“என்னடா அப்படிப் பாக்கறே?”

“ஒண்ணுமில்லீங்க சின்னய்யா. வெளிச்சம் கண்ணக் கூசுது.”

மறுநாள் காலையில் பண்ணையிலிருந்து இரண்டு கட்டுப் புதுப் பனையோலை வந்து இறங்கிற்று. “கூரை ஒழுவுதாமே, மேஞ்சிக்கச் சொன்னாரு,” என்றார் சுப்பிரமணி. அவரும் நல்ல மனசோடுதான் சொன்னார். சிட்டம்மாள் ஓலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பதினாறு வருஷத்தில், அந்தக் கதவை விட்டால், பண்ணையிலிருந்து அவர்களுக்கு வந்தது வைக்கோலும் வசவுந்தான்.

மழை விட்ட நேரம் பார்த்து ஞானதாஸ் கூரையில் ஏறினார். சிட்டம்மாள் கீழேயிருந்து ஓலை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மகள் ஞானசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்து, வயல் நண்டு இடித்துச் சாறு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். மிளகு வாசனை ஓலைச் சந்தில் மேலே வந்தது. அவள் புருஷன் செங்கல்பட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். இருக்க ஒற்றை அறை கூட இல்லாமல், நாலு ஆட்களோடு கொட்டகையில் படுக்கிறவன். பெண்ணை அனுப்ப அவனுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை.

“ஏன்யா, ரெண்டு கட்டு ஓல சும்மாவா வரும்? இன்னா வெசயம்?”

ஞானதாஸ் நார் முடிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சாய்வு, சிவப்பு, முழங்கைக் கறை, பங்குனி. சிட்டம்மாள் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

“போட்டோவுல இந்தப் பெயிண்ட்டு சமாசாரம் கீதுன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“எனுக்கு.”

“அப்பறம்?”

“இப்ப ஒனுக்கு.”

“எனுக்கு ஏன்யா சொன்னே? நான் பாட்டுக்கு ஓலையத் தடவிக்கினு சந்தோசமா இருந்தேனே!”

உள்ளேயிருந்து ஞானசுந்தரி, “இன்னாம்மா அங்க சண்ட?” என்றாள்.

“சண்ட இல்லடி. ஒங்க நைனாவுக்குக் கட்டு வழுக்குதாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்க இன்னா கேப்பாங்க?” என்றாள்.

“இது ஒன் வேலதானான்னு கேப்பாங்க. ஆமான்னுவேன்.”

“ஆமான்னா முடிஞ்சிது. கேக்காததுக்குப் பதில் சொல்றவனா நீ? வூட்ல நான் கேட்டதுக்கே பதில் வராது. கோர்ட்ல போயி வாய் நீளுமா?”

அவள் ஓலையை நீட்டினாள். அவர் வாங்கினார். பொழுது சாய்வதற்குள் மேய்ந்து முடித்தார்கள். அன்றைக்குப் பெய்த மழைக்குக் குடிசைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. களியை உருட்டி நண்டுச் சாற்றில் தோய்த்துக்கொண்டே ஞானசுந்தரி, “நைனா, நம்ம வூடா இது?” என்று சிரித்தாள். ஒழுகாத கூரைக்கு அடியில் ஞானதாஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த சந்தை நாளில் பவளம் இரும்புக்கடைக்கு வந்தாள். மாலையும் கழுத்துமாகப் படத்தில் நின்றவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. குடை ஒரு பக்கம் ஓட்டை. முஸ்தபா ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, “உக்காரும்மா,” என்றார். அவள் உட்காரவில்லை.

“மேஸ்திரி, நீங்கதான் எனுக்கு எதுரா சாட்சி சொல்லப் போறீங்களாமே.”

ஞானதாஸ் வாளியைக் கவிழ்த்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். “பாத்தத சொல்லப் போறேம்மா.”

“நாப்பத்தாறுன்னு நான் சொல்லல. எனுக்கு வருசம் எங்க தெரியும்? வக்கீலு, ‘அப்ப ஹிட்லரு சண்ட முடிஞ்சிருச்சா’ன்னு கேட்டாரு. முடிஞ்சிருச்சுன்னேன். அவரே எழுதிக்கினாரு. எனுக்குத் தெரிஞ்சது மழ பேஞ்சிக்கினு இருந்தது, அவ்ளோதான்.”

“பொண்ணு வருசத்த மறந்தா பரவால்ல, மாப்ள மறந்தாத்தான் பேஜாரு,” என்றார் முஸ்தபா, கொஞ்சம் லேசாக்கலாம் என்று.

அவளும் சிரித்துவிட்டாள். “மழ மட்டுமா? இவுரு கட்ன வண்டியால ஏங் கூறப் பொடவையே பாழாப் போச்சி பாய். கதவுல சாஞ்சேன், இடுப்பெல்லாம் செவப்பு. எங்கம்மா, ‘குங்குமம் கொட்டிகீதுடி, நல்ல சகுனம்’ன்னா. மூணு தண்ணியில போட்டு அலசனேன், போவல. இன்னும் பொட்டியில அப்பிடியே கீது. இன்னா சகுனமோ!”

ஞானதாஸின் கையில் பற்றுக்கோல் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். ‘அந்தப் புடவைய ஒன் வக்கீல்கிட்ட காட்டு’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவர் வாயால் கோர்ட்டில் எதுவும் வர வேண்டியதில்லை. ஆனால் பஜாரில் பேசினது பண்ணைக்குப் போய்ச் சேர ஒரு பொழுது ஆகாது. வாளியைத் தூக்கி வானத்தைப் பார்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியைப் பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி, ஒண்ணும் பேச மாட்றீங்க?”

“ஒழுவுதா பாக்கறேம்மா.”

பவளம் குடையை விரித்தாள். “பாத்தத சொல்லுங்க. நான் யாரு கால்லயும் உழ மாட்டேன். உழுந்து உழுந்துதான் அந்த வூட்ல ஒம்போது வருசம் இருந்தேன்.”

அவள் போன பிறகு முஸ்தபா, “பாவம்ய்யா. ஒரு ஆறுதல் வார்த்த சொல்லக்கூடாதா?” என்றார்.

“சொன்னா ஒன் குடோன்ல எனுக்கு எடம் குடுப்பியா பாய்?”

“தாராளமா. ஆணி மூட்டைக்கு நடுவுல படுத்துக்க,” என்று முஸ்தபா சிரித்தார். ஞானதாஸ் சிரிக்கவில்லை.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி காஞ்சிபுரம் கோர்ட்டு. சுப்பிரமணி பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போனார்; கிளப்பில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார்; வெற்றிலை கூட மடித்துக் கொடுத்தார். கூண்டில் ஏறுகிறவரை அவர் நிழல் ஞானதாஸை விட்டு விலகவில்லை.

பாண்டுரங்கனின் வக்கீல் படத்தைக் கையில் கொடுத்து மூன்றே கேள்வி கேட்டார். இந்த வண்டியைத் தெரியுமா? தெரியும். இந்தப் பாடி யார் கட்டியது? நான். எப்போது? நாப்பத்தெட்டு ஐப்பசி. “தட்ஸ் ஆல்,” என்று உட்கார்ந்துவிட்டார். பாண்டுரங்கன் பெஞ்சியில் காலை நீட்டிக்கொண்டார்.

பவளத்தின் வக்கீல் கோபமாக எழுந்தார். “பத்து வருஷம் கழிச்சு, இத்துணூண்டு போட்டோவைப் பாத்து உன் வேலைங்கறே. பண்ணைக்காரர் மனையில குடியிருக்கே. அவர் சொல்லிக் குடுத்தார், நீ ஒப்பிக்கிறே!”

“இல்லீங்க.”

“வேற எப்படித் தெரியும்? அப்படி என்ன பேர் பொறிச்சு வெச்சிருக்கே அதுல?”

ஞானதாஸ் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். “பேரு இல்லீங்க. தப்பு கீது.”

“என்ன தப்பு?”

சொன்னார். மாட்டுக் கொட்டகை, மூத்திரச் சரிவு, ரசமட்டம், வாலைத் தூக்கின கன்றுக்குட்டி. கோர்ட்டே சிரித்தது. டவாலி போட்ட சேவகன் வாயைப் பொத்திக்கொண்டான். ஜட்ஜு படத்தை வாங்கி, ஒரு காகித ஓரத்தை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்து, “ஆமாம், தூக்கித்தான் இருக்கு,” என்றார். பவளத்தின் வக்கீல் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார். பெஞ்சியின் கோடியில் பவளம் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சி இறங்கலாம்,” என்றார்கள்.

சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. மனை எழுதியாகிவிடும், ஒழுகாத கூரைக்குக் கீழே குழந்தை பிறக்கும். இரண்டு படி இறங்கினால் போதும். பத்து வருஷமாக வெளியாரிடம் சொல்லக் கூசின தப்பைத்தான் இப்போது நாலு பேர் சிரிக்கச் சொல்லிவிட்டாரே. அதையே சொன்ன வாய்க்கு மிச்சத்தை அடக்கி வைக்கத் தெரியவில்லை.

“இன்னும் ஒண்ணு கீது எசமான்.”

பாண்டுரங்கனின் வக்கீல் துள்ளி எழுந்தார். “சாட்சியை யாரும் எதுவும் கேட்கலை. இறங்கச் சொல்லணும்.”

“சொல்லட்டும்,” என்றார் ஜட்ஜு.

“போட்டோ புடிக்கும்போது கதவுக்குப் பெயிண்ட் அடிக்கல எசமான். முன்னால மட்கார்டு பழசு, கறுப்பு. தூணு தெரியுது பாருங்க. கதவுல ஒண்ணும் தெரியல. அது வெறும் செவப்புப் பூச்சு. மழையில பெயிண்ட் அடிச்சா சாம்பப் பூத்துடும்னு நிறுத்தி வெச்சிருந்தேன். மாட்டுப் பொங்கலு முடிஞ்சி, தை மாசக் கடசியிலதான் கறுப்பு அடிச்சேன். அதுக்கப்பறம் அந்தக் கதவு மங்கவே இல்ல. பெரியவரு வித்து அனுப்பற வரைக்கும் நான்தான் தொடச்சேன்.”

“வெயில் படாம மங்கலாத் தெரியலாமே?” என்றார் ஜட்ஜு.

“பெரியவரு முழங்கையப் பாருங்க எசமான். வெள்ளத் துண்டுல கறுப்பா கீதே, அது நெழலு இல்ல. நெழலு கீழ உழும். அது ஒட்டிக்கினது.”

ஜட்ஜு பூதக்கண்ணாடி கேட்டார். அது வருகிறவரை படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். அப்போதுதான் பவளம் எழுந்து, “எம் பொடவையில கூட, ஐயா! செவப்பு! பொட்டியில கீது!” என்று கத்தினாள். அவள் வக்கீல் அவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார். வைத்த கையோடு தானே எழுந்து நின்றார்.

வெளியே தாழ்வாரத்தில் பாண்டுரங்கன் குடையை விரித்துக்கொண்டிருந்தார். ஞானதாஸை அவர் பார்க்கவில்லை. சுப்பிரமணியிடம், “நீ இப்பப் பொறப்படற பஸ்ல போ,” என்று மட்டும் சொன்னார். காலையில் வெற்றிலை மடித்துக் கொடுத்த மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஞானதாஸ் அடுத்த பஸ்ஸில் வந்து, பஜாரிலிருந்து இரண்டு மைல் நனைந்துகொண்டு நடந்தார். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, அவர் வீட்டுக்குக் கூரை இல்லை. மூங்கில் விலா எலும்பு மாதிரி நின்றது. சிட்டம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓலையை இரண்டு குவியலாகப் போட்டிருந்தாள். ஞானசுந்தரி செங்கேணி வீட்டு வாசல் சார்ப்பில், உள்ளே போகாமல், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

“உள்ள உக்காரச் சொல்ல எனுக்கு மனசில்லாம இல்லண்ணே,” என்றாள் செங்கேணி. கேலி பேசுகிற வாய் கோணிக்கொண்டது. “உக்கார வெச்சா எங்க ஓலையும் பிரிக்கணும்ன்னு சுப்பிரமணி சொல்லிட்டுப் போறாரு.”

ஞானதாஸ் குவியலைப் பார்த்தார். “இது இன்னா, ரெண்டா கீது?”

“இது அவுங்க ஓல. ஒண்ணு கொறையாம எடுத்து வெச்சிட்டேன். வந்து எண்ணிக்கட்டும்.” சிட்டம்மாள் புறங்கையால் முகத்து மழையை வழித்தாள். “அது நம்புளுது. அதுக்குப் பேரு ஓலையா? அடுப்புக்குத்தான் ஆவும்.”

“சிட்டம்மா…”

“நீ ஒண்ணும் சொல்லாத. கேக்காததுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். எங்க போறது, அத மட்டும் சொல்லு.”

“பாய் குடோனு. ஆணி மூட்டைக்கு நடுவுல எடம் கீதுன்னாரு.”

“வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு.”

“போய் நின்னா நெசமா ஆயிடும்.”

அவர் கதவண்டை உட்கார்ந்து கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தார். இரண்டே கீல். பத்து வருஷத் துரு இறுகியிருந்தது. ஆனாலும் மரம் விட்டுக் கொடுத்தது. சட்டியும் பானையும் செங்கேணி தலையில் ஏறின; பாய் கடை வரைக்குமாவது வருகிறேன் என்றாள். கதவை ஞானதாஸ் முன்னாலும் சிட்டம்மாள் பின்னாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்கள். நடுவில் ஞானசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழை சீமைத் தகட்டின்மேல் அடித்து இரண்டு பக்கமும் வழிந்தது. அவள்மேல் விழவில்லை.

வரப்பு முடிந்து ரோடு ஏறினார்கள். பிறகு பின்னாலிருந்து சிட்டம்மாள் கூப்பிட்டாள்.

“யோவ்.”

“இன்னா?”

“போற எடத்துல மொதல்ல தரையப் பாரு. அப்பறம் கதவ மாட்டு.”